வெட்டாமல் விட்ட இறுங்கு

நான் புல் வெட்டுகிறவன். பன்னிரண்டு வருடமாக அதுதான் வேலை. வென்ட்வேர்த்வில்லைச் சுற்றிப் பூங்கா, ரயில் பாதை ஓரம், ஓடைக்கரை என்று கவுன்சில் எங்கே சொல்கிறதோ அங்கே வெட்டுவோம். கவுன்சில் எங்களிடம் நேரே சொல்வதில்லை. அவர்களிடம் வேலையைக் கொந்தராத்து எடுத்தவர் சொல்வார்.

அவர் மதுரைப் பக்கத்துத் தமிழர். படித்த படிப்பு வேறு. இங்கே வந்து, பின்பக்கம் திறந்த யூட் வண்டி ஒன்றும் இரண்டு மெசினும் வாங்கித் தொழில் தொடங்கினார். இப்போது எங்களைப் போல ஒன்பது பேர் அவரிடம். என்னைவிட இளையவர். அவர் என்னை அண்ணே என்பார். நான் தம்பி என்பேன். சம்பளம் பிந்தாது. மழை நாளில் வீட்டுக்குப் போங்க என்பார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

ஊரில் நான் மன்னார்க் கடலில் தொழில் செய்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மண்ணில் ஒரு வெண்டிக் கன்றுகூட நட்டதில்லை. ஆகவே பின்னால் நான் செய்த பிழைக்கு யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

எங்கள் வாடகை வீட்டின் பின்வேலிக்கு அப்பால் கவுன்சில் நிலம் ஒரு துண்டு. அதற்கு அப்பால் ஓடை. ஓடையின் அந்தப் பக்கம் பெரிய வெறுங்காணி ஒன்று கிடந்தது. முன்பு குதிரை நின்ற இடம் என்பார்கள். இடுப்பளவு புல். பச்சைக் கிளிகள் அதில் இறங்கும். ஆண் கிளிக்கு மட்டும் முதுகில் சிவப்பு. காலையில் நான் பல் துலக்கும்போது காடை கூப்பிடும். இரண்டு சத்தம். இரண்டாவதை இழுத்து மேலே ஏற்றும்.

அந்தக் காணியில் வீடு கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். நில அளவைக்காரர் வரமுதல் புல்லை அடிக்க வேண்டும். அந்த வேலை எங்களுக்கு வந்தது. உழவு மெசினில் நான் ஏறினேன். பின்னால் புல் அடிக்கிற தகடு.

காணி வெட்டுகிறவர்கள் வெளியே தொடங்கி உள்ளே சுற்றிச் சுற்றிப் போவார்கள். அதுதான் சுகம். திருப்பம் குறைவு. நானும் அப்படித்தான் வெட்டினேன். சுற்று சிறுக்கச் சிறுக்க, உள்ளே இருந்த சீவன் எல்லாம் நடுவே ஒதுங்கும். கரைவலை இழுக்கும்போது நடப்பதும் அதுதான். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் ஓர் அறை அளவு புல் நின்றது. மெசினை அதற்குள் விட்டேன். காடைகள் எழும்பின. பெரியவை எழும்பின. குஞ்சுகளால் எழும்ப முடியவில்லை.

மெசினை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று எழுதத் தேவையில்லை.

போன் அடித்தது.

"அண்ணே, முடிஞ்சிருச்சா?"

"ஓம்."

"சுத்தமா இருக்கா? போட்டோ எடுத்து அனுப்பிடுங்க."

எடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து மனிசியிடம் சொன்னேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். சாவு பார்த்துப் பழகியவள். "வேலைதானே, என்ன செய்யிறது" என்றாள். பிறகு கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "மிஞ்சினதுகள் இனி எங்க போகும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. வேலிக்குப் பின்னால் கிடந்த துண்டு.

காலால் நடந்து அளந்தேன். அகலம் பதினான்கு கவடு. நீளம் நாற்பது. முள்பற்றையும், யாரோ எறிந்த மெத்தைகளும், கடைத் தள்ளுவண்டி ஒன்றும் கிடந்தன. நாலு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து துப்புரவாக்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று தெரியும். கேளாமல் விட்டது பிழை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹரிஸ் பார்க்கில் இந்தியக் கடைக்குப் போனேன். தினை இரண்டு பக்கற். வெள்ளைச் சோளம் ஒரு பை. அவர்கள் சோளம் என்பதை நாங்கள் இறுங்கு என்போம். எங்களுக்குச் சோளம் என்றால் மஞ்சள் பொத்தி, அவர்களின் மக்காச்சோளம். மண்ணைக் கொத்திவிட்டு, இரண்டையும் கலந்து வீசினேன். தண்ணீர் விட்டேன். இறுங்கு அங்கொன்று இங்கொன்று முளைத்தது. தினை ஒன்றுகூட இல்லை. மூன்று கிழமை பார்த்தேன்.

பக்கத்து வீட்டில் ஓர் அன்ரி இருக்கிறார். எழுபது தாண்டியவர். யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்த குடும்பம். வேலிக்கு மேலால் தலை மட்டும் தெரியும். ஒரு பின்னேரம் அந்தத் தலை கேட்டது.

"என்ன தம்பி, ஒண்டையும் காணேல்லை?"

"தினை போட்டனான் அன்ரி. வரேல்லை."

"எந்தத் தினை? பக்கற்றைக் கொண்டாரும் பாப்பம்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி வாசித்தார். அவர் சிரித்த சிரிப்பில் வேலி ஆடியது.

"ஐயோ, இது உமி எடுத்த தினையரிசி! கஞ்சி காய்ச்சிறது. அவிச்ச முட்டையை அடை வைச்ச மாதிரியெல்லோ செய்துபோட்டு நிக்கிறீர்."

"எனக்கென்ன தெரியும் அன்ரி. நான் கடற்கரை ஆள்."

"அது தெரியுது. விதைச்சதும் வலை வீசின மாதிரித்தான். அங்க குவியல், இஞ்ச மொட்டை. சரி, ஆருக்கு இது? உங்களுக்கோ?"

"குருவிக்கு."

"என்னது?"

"குருவிக்கு. கிளிக்கு. காடைக்கு."

சிரிப்பு நின்றது. "எங்கட அப்பர் குருவி கலைக்கத் தகரம் கட்டினவர். நீர் குருவிக்கு விதைக்கிறீரோ?"

"ஓம்."

"விசர்தான்" என்றார். போகும்போது திரும்பிப் பார்த்தார். "பறவைத் தீன் விக்கிற கடையில உமியோட இருக்கும். அதை வாங்கும். இல்லாட்டி ஒரு பையை வாங்கி அப்பிடியே கொட்டிவிடும். ஏன் இந்தப் பாடு?"

கொட்டலாம். கொட்டினால் ஊர்ப்புறாவும் எலியும் அன்றைக்கே தின்றுவிடும். காடைக்குத் தீன் மட்டும் போதாது. மறைவு வேண்டும். பருந்துக்குத் தெரியாமல் நடக்க நிற்கிற தாள் வேண்டும். அதைப் பையில் விற்பதில்லை.

இந்த நாட்டில் ஐப்பசியில்தான் வெயில் தொடங்கும். ஐப்பசி பிறந்த பிறகு இரண்டாம் முறை விதைத்தேன். பறவைத் தீன் பை. சிவப்பு இறுங்கும் இரண்டு மூன்று வகைத் தினையும் கலந்தது. வேலிக்கு மேலால் சத்தம் வந்தது. "வரியாப் போடும் தம்பி! வரியா!" நான் வரியாகப் போடவில்லை. காடைக்கு வரி எதற்கு.

இந்த முறை முளைத்தது. மார்கழியில் மழை பொய்த்தது. குசினியில் பாத்திரம் கழுவின தண்ணீரை வாளியில் சுமந்தேன். தை பிறக்க இறுங்கு என் நெஞ்சளவு. அடியில் தினை நெருங்கி நின்றது. முதலில் வந்தவை சின்னக் குருவிகள், கண்ணுக்கு மேலே சிவப்புக் கோடு போட்டவை. தினைக் கதிரில் தொங்கிக்கொண்டு தின்னும். பிறகு கொண்டைப் புறா. எழும்பும்போது செட்டை விசில் அடிக்கும். முதுகு சிவந்த கிளிகள் சோடி சோடியாக வந்தன. கொண்டை வைத்த வெள்ளைக் கிளிகளும் வந்தன. வெட்கம் இல்லாத சாதி. தாளை முறித்து, கதிரில் நாலு மணி தின்று, மிச்சத்தை எறிந்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகும். அவற்றையும் நான் கலைக்கவில்லை. ஆளைப் பார்த்து விதைக்கவில்லை.

மாசியில் ஒரு காலை பல் துலக்கிக்கொண்டு நின்றேன். இரண்டு சத்தம் கேட்டது. இரண்டாவது மேலே ஏறியது. வாயில் நுரையோடு மனிசியை எழுப்பப் போனேன்.

"கேட்டது, கேட்டது. வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்கோ" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலையால் வந்து பின்கதவைத் திறந்தேன். இறுங்கின் நடுவே ஒரு பாதை விழுந்திருந்தது. பாதையின் முடிவில் அன்ரி நின்றார். கையில் கத்தி. இடுப்பில் பெரிய பேசின். பேசின் நிறையக் கதிர்.

"என்ன அன்ரி செய்தனீங்கள்?"

"கண் பொறுக்கேல்லை தம்பி. முத்தின கதிர். வெள்ளைக் கிளி கடிச்சுக் கடிச்சுக் கீழ போடுது. நாங்கள் அரை வயித்தோட கிடந்த சனம். தானியம் நிலத்தில கிடக்க என்னாலை பாத்துக்கொண்டிருக்கேலாது. மாவாக்கிப் புட்டு அவிச்சு உங்களுக்கும் தருவன்."

"அது உங்களுக்கு விதைக்கேல்லை."

"எனக்கில்லாட்டி உமக்கு. சனத்துக்கு."

"சனத்துக்கும் இல்லை." குரல் உயர்ந்துவிட்டது. அவருடன் அப்படி நான் பேசியதில்லை. "நிலத்தில விழுறதுதான் காடை தின்னுறது. அதுக்கு மேல ஏறத் தெரியாது. வெள்ளைக் கிளி எறியிறதைத்தான் அது பொறுக்கும்."

அவர் பேசினைக் கீழே வைத்தார். "கத்தாதையும். உம்மட காடையைக் கண்டன். காலடியில இருந்து எழும்பி ஓடிச்சுது. பாத்தா முட்டை. ஏழு கிடக்கு. நல்ல காலம், இண்டைக்கு வெள்ளிக்கிழமை. மச்சம் மாமிசம் இல்லை எண்டபடியா விட்டிட்டன்."

கோபத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனாலும் பேசினை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தினைத் தாளுக்கு அடியில் ஒரு சிறு குழி. காய்ந்த புல். மங்கல் வெள்ளை முட்டைகள், மண்புள்ளி போட்டவை. மனிசி போனில் தேடிப் பார்த்தாள். பொரிக்க மூன்று கிழமை ஆகுமாம். எப்போது அடை தொடங்கியது என்று எங்களுக்குத் தெரியாது. நானும் காடை தின்றவன்தான். பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏழும் பொரிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. வேறு எதையும் அப்படி விரும்பி நெடுங்காலம் ஆகிவிட்டது.

எங்கள் வேலைப் பட்டியல் திங்கட்கிழமை விடிய போனுக்கு வரும். அந்தத் திங்கள் ஆறு வேலை. நாலாவது எங்கள் ஓடைக்கரை. 'நீண்ட புல். எலி. தீ அபாயம். முறைப்பாடு.' படமும் இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், ஆறு மாதத்தில் எழும்பின புது வீட்டின் மேல்மாடியில் இருந்து யாரோ எடுத்த படம். இறுங்கு படத்தில் அழகாகத்தான் விழுந்திருந்தது. எலிப் பயம் நியாயம். மெத்தைகள் கிடந்தபோதும் எலி இருந்தது. அப்போது ஒருவரும் முறையிடவில்லை.

போன் எடுத்தேன்.

"தம்பி, நாலாவது வேலை நான் செய்யமாட்டன்."

"ஏண்ணே, மெஷின் ரிப்பேரா?"

"மெசின் நல்லாயிருக்கு. நான் செய்யமாட்டன்."

"புரியலையே."

"அது நான் விதைச்சது."

"நீங்க வெதச்சீங்களா? கவுன்சில் எடத்துலயா?"

"ஓம்."

"எதுக்குண்ணே?"

"காடைக்கு."

"காடையா? வறுக்கவா?"

"இல்லை. அது அடை கிடக்கு. மூண்டு கிழமை தாங்கோ. பொரிக்கட்டும்."

"அண்ணே, காமெடி பண்ணாதீங்க. புதன்கிழமைக்குள்ள முடிக்கணும். கான்ட்ராக்ட் இந்த வருஷம் புதுப்பிக்கணும். ஒரு கம்ப்ளெயின்ட் நின்னுபோச்சுன்னா அதை வெச்சே ஆளை மாத்திருவாங்க. ஒம்போது குடும்பம்ணே."

அவர் சொன்னது உண்மை. ஒன்பதில் ஒன்று என் குடும்பம். அதையும் யோசித்தேன். யோசித்துவிட்டுச் சொன்னேன்.

"நான் வெட்டமாட்டன்."

"அப்ப நான் வந்து வெட்டுவேன்."

"வாங்கோ" என்றேன்.

அன்று மற்ற ஐந்து வேலையையும் முடித்தேன். செவ்வாயும் போனேன். இரவுச் சாப்பாட்டில் மனிசி கேட்டாள்.

"வேலை போனா?"

"வேறை வேலை."

"ஐம்பத்தெட்டு வயசிலயோ?"

"அண்டைக்குப் படம் எடுத்து அனுப்பினன். இந்த முறை ஏலாது."

புதன் காலை அவள் தன் வேலைக்குப் போன் பண்ணி, சுகமில்லை, வரமாட்டன் என்றாள்.

"பொய்" என்றேன்.

"வரப்போற ஆளைக் கண்டா சுகம் கெடும்தானே" என்றாள்.

உட்காரக் குசினிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். கூட்டில் இருந்து மூன்று கவடு தள்ளி வைத்தேன். அதற்குக் கிட்டப் போனால் காடை பயப்படும். இருந்தேன். ஏழரைக்கு யூட் வண்டி ஓடைப் பாதையால் வந்தது. அவர் தனியாக வந்தார். மற்றவர்களைக் கொண்டு என் இறுங்கை வெட்டுவிக்க விரும்பவில்லை என்று நினைக்கிறேன். தோளில் மாட்டும் பெரிய வெட்டி. புல் வெட்டுகிற நைலோன் கயிற்றைக் கழற்றி, தடித்த தாளுக்கு இரும்புத் தகடு பூட்டியிருந்தார்.

"அண்ணே, எந்திரிங்க."

"இல்லை தம்பி."

"போலீஸக் கூப்பிடட்டா?"

"கூப்பிடுங்கோ. என்னத்துக்கு எண்டு கேட்டா முட்டை எண்டு சொல்லுங்கோ."

வேலிக்கு மேலால் தலை வந்தது. "தம்பி, நீங்கள் எந்த ஊர்?"

"மதுரைப் பக்கம்மா."

"உங்கட ஊரில அடைக் கோழியை உதைச்சு எழுப்புவினமோ?"

"அம்மா, நீங்க வேற..."

"இல்லை, தெரியாமல்தான் கேக்கிறன். எங்கட பக்கம் கள்ளன்கூட அடைக் கோழியைத் தூக்கமாட்டான்."

அவர் என்னைப் பார்த்தார். "ஆள் சேத்து வெச்சிருக்கீங்களாண்ணே?"

"நான் கூப்பிடேல்லை. அவ தானா வாறவ." பிறகு சொன்னேன். நான் இவ்வளவு பேசுகிறவன் அல்ல. "தம்பி, எங்கட கரையில மீன் பங்கு பிரிக்கேக்க வள்ளத்துக்கு ஒரு பங்கு. வலைக்கு ஒரு பங்கு. வலைக்கு வயிறில்லை. எண்டாலும் அந்தப் பங்கில ஒருத்தரும் கை வைக்கேலாது. இந்த ஓடைக்கரையில நீங்கள் உழைக்கிறீங்கள். நான் உழைக்கிறன். அங்கால வீடு கட்டினவன் உழைச்சிட்டான். காடைக்கு எவ்வளவு?"

அவர் படித்தவர். உடனே பிடித்துக்கொண்டார். "வலைக்குப் பங்குன்னா அது வலையோட ஓனருக்குத்தானே போகும்?"

"ஓம்" என்றேன். அதுவும் உண்மைதான். "அப்ப இந்த நிலத்துக்கு ஓனர் ஆர்? கவுன்சில் முதல் வந்ததோ, காடை முதல் வந்ததோ?"

"அதை எங்கிட்டக் கேட்டா? கவுன்சில்ல போய்க் கேளுங்க" என்றார். மெசினை இழுத்து ஸ்டார்ட் பண்ணினார்.

அவர் ஓரமாகத் தொடங்கிச் சுற்றி வரப் பார்த்தார். அப்போதுதான் நான் கதிரையால் எழும்பினேன். கத்தினேன். "சுத்தாதையுங்கோ! வெட்டுறதெண்டா ஒரு பக்கத்தாலை வெட்டுங்கோ. உள்ள நிக்கிறது ஓடைப் பக்கம் ஓடட்டும்!" சத்தத்தில் கேட்டதோ தெரியவில்லை. கையால் காட்டினேன். அவர் நின்றார். வேலிப் பக்கம் நடந்து போனார். அங்கிருந்து ஓடையைப் பார்த்து வெட்டிக்கொண்டு வந்தார். நான் திரும்ப இருந்தேன்.

நாலு மாதம் வளர்ந்த இறுங்கு ஒரு மணித்தியாலத்தில் போகும். சிவப்புக் கதிர் தலை குத்தி விழுந்தது. குருவிகள் கூட்டமாக எழும்பி ஓடைக்குப் போயின. ஒரு பெரிய ஓணான் என் காலுக்கு அருகால் ஓடியது. உமி பறந்து மூக்கு, காது எல்லாம் நிறைந்தது. நான் அசையவில்லை. தகடு என் கால்மாட்டுக்கு வந்தது. ஒரு கை தூரம். அவர் மெசினை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகமும் உமி.

"எங்கண்ணே அது?"

காட்டினேன். அவர் குனிந்தார். முதலில் தெரியவில்லை. மண் நிறம் அது. பிறகு கண்டார். அவ்வளவு சத்தத்துக்கும் எழும்பாமல் கிடந்தது. கண் மட்டும் அசைந்தது.

"இத்துனூண்டா?" என்றார்.

"ஓம்."

பிறகு தோளில் மாட்டினதைக் கழற்றி என் பக்கத்தில் நிலத்தில் வைத்தார். போனை எடுத்து ஓடைப் பக்கம் போய் முழங்காலில் இருந்து, தாழ்த்தி, சரித்துப் படம் எடுத்தார். வெட்டின இடம் மட்டும் விழும்படி. நான் இருந்த இடத்தில் ஓர் அறை அளவு இறுங்கு நின்றது. படத்தில் அது இல்லை.

"இது தெரிஞ்சா நான் காலி" என்றார். "ரெண்டு வாரம் வேலைக்கு வராதீங்கண்ணே. உங்க மேல கோவம் இல்ல." யூட் கதவைத் திறந்தார். "இல்ல. கோவந்தான்."

"சரி தம்பி."

மனிசி தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். அவருக்கும் ஊற்றியிருந்தாள். அவர் குடிக்காமல் போய்விட்டார்.

இரண்டு கிழமை வீட்டில் இருந்தேன். கூட்டுப் பக்கம் போகவில்லை. குசினி யன்னலால் பார்ப்பேன். வெட்டை வெளியில் அந்த ஒரு பற்றை மட்டும் நின்றது. ஒரு பருந்து இரண்டு நாள் மேலே சுற்றியது. இரண்டு நாளும் நான் வெளியே போய் நின்றேன். பார்க்கிறவர்களுக்கு விசரன் மாதிரித்தான் இருந்திருக்கும். மேல்மாடியில் ஒருவர் நின்று பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் உள்ளே போய்விட்டார்.

பதினோராம் நாள் காலை மனிசி யன்னலில் நின்று கையை ஆட்டினாள். வாயால் சொல்லவில்லை. போய்ப் பார்த்தேன். காடை வெட்டின தாளுக்கு இடையால் நடந்தது. பின்னால் பெருவிரல் அளவில் உருண்டைகள். ஓடும், நிற்கும், ஓடும். எண்ணினோம். ஆறு. நாணற் பற்றைக்குள் போயின. கடைசிக் குஞ்சு ஒரு தாளில் தடுக்கி விழுந்தது. எழும்பியது. போனது.

கூட்டில் ஒரு முட்டை பொரிக்காமல் கிடந்தது. அன்ரியும் வந்து பார்த்தார். "இது உம்மட தினையரிசிச் சாதி" என்றார். ஆனால் அதைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகுதான் புதைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அடுத்த வருடமும் காடைக்கு வயிறு இருக்கும். கவுன்சிலில் போய்க் கேளுங்க என்று அவர் சொன்னதும் காதில் நின்றது. வேலைக்குத் திரும்ப இன்னும் சில நாள் இருந்தது. மனிசியைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு இங்கிலிஸ் வேலைக்குப் போதும், கவுன்சில் கந்தோரில் பேசப் போதாது.

மேசைக்கு அங்கால் இருந்த இளம்பெண் நல்ல பிள்ளை. கேட்டாள். சிரிக்கவில்லை. ஒரு படிவம் தந்தாள். பயிரின் நோக்கம் என்று அதில் ஓர் இடம் இருந்தது. மனிசியோடு கொஞ்ச நேரம் பேசினாள். மனிசி என் பக்கம் திரும்பினாள்.

"மரக்கறித் தோட்டம் எண்டு எழுதட்டாம். சனத்துக்குச் சாப்பாடு எண்டா லேசாக் குடுப்பினமாம். குருவிக்கு எண்டு எழுதினா அது வேற பகுதிக்குப் போகுமாம். எப்ப வரும் எண்டு சொல்லேலாதாம்."

"குருவிக்கு எண்டு எழுது."

"இஞ்சருங்கோ, ஒரு சொல்லுத்தானே. எழுதினா இறுங்கு நிக்கும்."

"ஒளிச்சு விதைச்சன். அது பிழை. அதாலதான் வெட்ட வந்தவை. இனிப் பொய் சொல்லி விதைச்சா அதுக்கும் ஒருநாள் ஆக்கள் வருவினம், மரக்கறி எங்க எண்டு கேட்டு. குருவிக்கு எண்டு எழுது."

அவள் பேனையை என் கையில் தந்தாள். "நீங்களே எழுதுங்கோ."

எழுதினேன். பெரிய எழுத்தில். அந்த இடத்துக்குள் அடங்கவில்லை. கோட்டுக்கு வெளியே போனது. மேசைப் பிள்ளை அதை வாசித்துவிட்டு முத்திரை குத்தினாள்.

திங்கள் விடிய வேலைப் பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. வேறு ஒரு சொல்லும் இல்லை. போனேன். அவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தக் காடை என்னாச்சுண்ணே?" என்றார். "ஆறு" என்றேன். தலையை ஆட்டினார்.

ஒன்று மட்டும் மாறியது. இப்போது எந்தக் காணியையும் நான் சுற்றி வெட்டுவதில்லை. ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கம் போவேன். நேரம் கூடப் போகும். கூட வேலை செய்கிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். பட்டியலில் பிந்துகிறது என்று அவர் ஒருமுறை சொன்னார். "ஓம், பிந்தும்" என்றேன். அவ்வளவுதான்.

ஆனி, ஆடிக் குளிர் போனது. கவுன்சிலில் இருந்து ஒன்றும் இல்லை. மனிசி இரண்டு தரம் போன் பண்ணினாள். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். புரட்டாசி முடிந்தது. பறவைத் தீன் பை ஒன்றும், இன்னொன்றும் வாங்கினேன். பாதை ஓரத்தில் மூன்று கவடு விட்டுக் கயிறு கட்டினேன். எலி, தீ என்று சொன்னவருக்கு அந்த மூன்று கவடு. மிச்சம் முழுவதையும் கொத்தினேன். பட்டப்பகலில், மேல்மாடிக்குத் தெரியத் தெரியக் கொத்தினேன்.

ஐப்பசி இரண்டாம் சனிக்கிழமை. கையில் வாளி. வேலிக்கு மேலால் அன்ரி கேட்டார்.

"பதில் வந்ததோ தம்பி?"

"இல்லை அன்ரி."

"பேந்து என்ன செய்யப் போறீர்?"

"மண் நனைஞ்சிட்டுது" என்றேன். விதைக்கத் தொடங்கினேன்.